குழந்தையை எங்கே வைத்தாள்?

மாட்டுங்காவில் எங்கள் தமிழர் மன்றத்தின் ஆண்டு மலரைப் பதினோரு வருடமாக நான்தான் கொண்டுவருகிறேன். பெரிய கௌரவம் என்று நினைத்துவிடாதீர்கள். பிழை பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை, ஓய்வு பெற்ற கையோடு என் தலையில் கட்டிவிட்டார்கள். வருகிற எழுத்தில் முக்கால்வாசி பேரனைப் பார்க்க அமெரிக்கா போய்வந்த கதை, மீதி மழையில் ரயில் நின்றுபோன கதை. எல்லாவற்றையும் திட்டிக்கொண்டேதான் திருத்துவேன். "பிடிக்கலைன்னா விட்டுடுங்கோளேன், ஏன் காகிதத்தோட சண்டை போடறேள்?" என்பாள் என் மனைவி ருக்கு. மலர் வேலை இல்லாவிட்டால் இந்தச் சங்கரன் சண்டைக்கு ஆள் தேடி அடுக்களைக்குள் வருவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதற்கு மேல் பேச மாட்டாள்.

போன வருடம் ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தோல் பைகள் செய்யச் சொல்லியிருந்தோம். தாராவியிலிருந்து அவற்றை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவள் சுலைகா. ஐம்பது வயது. கட்டைவிரல் நகத்துக்கடியில் எத்தனை தேய்த்தாலும் போகாத பசைக்கறை. சொந்தமாகச் சின்னப் பட்டறை, நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். நான் ஒரு பையை எடுத்துத் தையலை நோண்டிப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

"நல்லா இழுத்துப் பாருங்க சார். ஒங்க கைதான் வலிக்கும்" என்றாள்.

இழுத்தேன். கைதான் வலித்தது.

போகிற வழியில் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றாள். 'உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை' என்று மலருக்காக நான் எழுதி ஒட்டியிருந்த தாள் அது. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். மன்றத்தில் உறுப்பினராக இல்லாதவர்கள் எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். நாலாம் வகுப்போடு நின்றவர்கள்? பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன். மூன்று வாரம் கழித்து மேஜை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது.

அந்த நோட்டை அவள் வீட்டில் யாருக்கும் மறைத்து வைக்கவில்லையாம். அவளுடைய அம்மா செய்யதலி பாத்திமாவுக்கு எழுத்தே தெரியாது. மகள் சாதியா ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் படித்தது ஆங்கிலமும் இந்தியும். "எங்க வீட்ல தமிழ்ல எழுதி நடுவீட்ல போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது சார்" என்று பின்னால் ஒருநாள் சொல்லிச் சிரித்தாள்.

நோட்டில் புள்ளி, கமா எதுவும் கிடையாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூச்சுவிடாமல் ஓடியது. சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவன் மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

எழுதியிருந்தது இதுதான். எண்பத்து மூன்றாம் வருடம், ஜூலை மழை, தாராவி. சுலைகாவுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டு. வாப்பா கரீம் பாட்சா தோல் பதனிடும் கூடத்தில் வேலை. சாயங்காலம் தெருமுனைக் குழாயில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. முறை வருகிற நேரத்துக்கு ஆள் வந்து நின்றுவிட வேண்டும். வரவில்லை என்றால் பின்னால் இருப்பவர் அந்தக் குடத்தை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டுத் தன் குடத்தைப் பிடிப்பார், அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. அன்று முறை வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, சுலைகா ஓடினாள். தண்ணீரோடு திரும்பி வந்தபோது வீட்டுக்குப் பின்னால் கூட்டம். பம்பாயில் நாலா என்று சொல்கிற பெரிய சாக்கடைக் கால்வாய் அங்கேதான் ஓடியது. மழையில் அது நிரம்பியிருந்தது. தம்பியை அதிலிருந்துதான் எடுத்தார்கள்.

பிள்ளையைக் குழாயடியில் இறக்கிவிட்டு விளையாடப் போய்விட்டாள் என்று தெருவே சொன்னது. வாப்பா அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். அன்றிலிருந்து சாகிற வரைக்கும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஏய்' அல்லது 'இந்தா'. தம்பியின் பேரையும் அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. நோட்டின் கடைசி வரி: என் தம்பியைக் கொன்றவள் நான்.

கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்தவன் நான். விபத்து எப்படி நடந்தது, அப்போது யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோன ஆள். அவள் வந்தபோது, "இது கதை இல்லைம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கற வாக்குமூலம்" என்றேன். நான், நான் என்று எழுதுவதை விடச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வேறு பேர் வைத்து, யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதிப் பாருங்கள் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அம்மு என்று பேர் வைத்திருந்தாள், தம்பிக்கு வாசிம். இந்த முறை புள்ளியெல்லாம் இருந்தது. கடைசி வரி மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"எழுத வரல சார். என்னையன்னா எவ்ளோ வேணா ஏசலாம். இந்தப் புள்ளைய ஏச முடியல. பாவாடைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஓடுது, இத்தினிக்காணு" என்று தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்து உயரம் காட்டினாள்.

நாற்பத்தோரு வருடமாக அவளுடைய ஞாபகத்தில் அந்த ஒன்பது வயதுப் பெண்ணும் ஐம்பது வயது ஆளாகவே இருந்திருக்கிறாள். பேரை மாற்றி எழுதினதும்தான் குழந்தையாகக் கண்ணில் பட்டிருக்கிறாள். இதை நான் சொல்லிக் கொடுத்தேன் என்று யாராவது நினைத்தால் அது சுத்தப் பொய். எனக்கு இது தெரியவே தெரியாது. வாக்குமூலம் பிடிக்காமல் எரிந்து விழுந்தேன், அவள் போய் எழுதினாள்.

ஆனால் அந்தப் பிரதியில் எனக்கு ஓர் இடம் உதைத்தது. சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினேன்: 'வாசிம் அம்முவின் இடுப்பில் இருக்கிறான். அடுத்த வரியில் தண்ணீர்க் குடம் அவள் இடுப்பில் இருக்கிறது. அப்படியானால் குழந்தையை எங்கே வைத்தாள்? குழாய் தெருமுனையில், நாலா வீட்டுக்குப் பின்னால். இரண்டு வயதுக் குழந்தை அவ்வளவு பேரைத் தாண்டி எப்படிப் போனான்?' இதில் ஒரு உள்நோக்கமும் கிடையாது. கிளெய்ம் பாரத்தில் கேட்கிற அதே கேள்வி, கை தானாக எழுதிவிட்டது.

பிரதியைக் கொடுக்க நானே தாராவிக்குப் போனேன். இதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடமாக மாட்டுங்காவில் இருக்கிறேன், நடக்கிற தூரம்தான், அதற்கு முன் உள்ளே போனதில்லை. பட்டறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை குறுக்கே அடித்திருந்தது. கவனிக்காமல் தடுக்கி, கிட்டத்தட்ட தோல் குவியல் மேல் விழுந்தேன். எவன் வைத்த பலகை என்று கத்தினேன். தையல் மெஷினில் இருந்த சண்முகவடிவு என்கிற பெண், "புள்ளைங்க வெளிய போயிராம இருக்க சார். அக்கா அதை எடுக்க விட மாட்டாக" என்றாள். அங்கே வேலை செய்கிற பெண்கள் குழந்தைகளைக் கூடவே கொண்டுவரலாம், அது சுலைகா வைத்த வழக்கம். சண்முகவடிவின் மகள் மூலையில் தோல் துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சுலைகா தலையைத் திருப்பி அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். பேச்சு நடுவில் இருந்தாலும் பார்ப்பாள்.

நான் எழுதிய சிவப்பு மையைப் படித்தாள். முகம் சுருங்கியது.

"நீங்க கொடம் தூக்கிருக்கியளா சார்?"

இல்லை என்றேன். எங்கள் கட்டடத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர்.

"பொறவு? எங்க ஊரு பொம்பளைங்க எல்லாத்தையும் சேத்துத்தான் தூக்குவாக. காலிபீலியா, சும்மா சும்மா கேள்வி கேக்காதீய."

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தாள். பட்டறை மூலையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று இருந்தது. பைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற துணிச் சுருள் ஒன்றை எடுத்து இடது இடுப்பில், பிள்ளையை வைத்துக்கொள்வது போல வைத்தாள். குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தாள். நிறைந்த குடம். இடுப்புக்கு ஏற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரண்டாவது கை போனதும் துணிச் சுருள் நழுவித் தரையில் விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

தரையில் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கொழாயடி பூரா சகதி சார். அங்க யாரும் புள்ளைய எறக்கிவிட மாட்டாக. நான் அவனைக் கொண்டே போகல."

அப்படியானால் எங்கே விட்டுவிட்டுப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்னைப் போகச் சொல்லிவிட்டாள். பலகையைத் தாண்டி, இந்தத் தடவை பார்த்துத் தாண்டி, வந்துவிட்டேன்.

நாலு நாள் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நானும் போன் செய்யவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் மன்றத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். வீட்டில் நடந்ததைச் சொன்னாள். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாளாம். எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டிருக்கிறாள், நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது தம்பி எங்கே இருந்தான் என்று. அம்மா கையில் இருந்த பூண்டு முழுவதையும் உரித்து முடித்தாள். தோலை முறத்தில் கூட்டினாள். அப்புறம்தான் பேசினாள்.

"எம் பாயிலதான் போட்டுட்டுப் போன. நான் கண்ணசந்துட்டேன். ஒங்க வாப்பா வந்து, புள்ள யாருட்ட இருந்தான்னு கேட்டாரு. ஒம் பேரைச் சொல்லிட்டேன்."

இவ்வளவுதான் சொன்னாளாம்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு குழந்தையின் தலையில் இப்படி ஒரு பழியைப் போட்டுவிட்டு, அது வளர்ந்து, கல்யாணமாகி, விதவையாகி, தன்னையே வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவரைக்கும் வாயைத் திறக்காமல் ஒரு தாய் இருக்க முடியுமா? சுலைகாவின் இடத்தில் நான் இருந்தால் வீடே இடிந்திருக்கும். அவளிடமும் அப்படியே சொன்னேன். அவள் என் முன்னால் அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதினொரு நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்த நாட்களில் கதையை மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அம்முவின் தாயை ராட்சசியாக எழுதுவது என்று முடிவு. எழுதியும் பார்த்திருக்கிறாள். பாயில் அந்தப் பொம்பளை படுத்திருக்கிறாள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏன் படுத்திருக்கிறாள்? முந்தின நாள் எப்போது தூங்கினாள்? இது தெரியாமல் எப்படி எழுதுவது? சங்கரன் சார் சிவப்பு மையில் கேட்பாரே என்று நினைத்தாளாம். பன்னிரண்டாம் நாள் அம்மாவிடம் போய் நின்று, முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டாள். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.

அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. வாப்பாவுக்கு அந்த வாரம் பகலோடு ராத்திரியும் வேலை. வீட்டுக்குள் மழைத் தண்ணீர், இரண்டு நாளாகப் பாத்திரத்தில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றியிருக்கிறாள். பாய் போட ஒரு மூலைதான் காய்ந்து கிடந்தது. வயிற்றில் மூன்று மாதம், அதுவும் பிறகு தங்கவில்லை. வாப்பா கை நீட்டுகிறவர், அவரென்றால் அவளுக்குப் பயம். சுலைகா ஒரு கேள்வி கேட்பாள், பதிலை நோட்டில் எழுதுவாள், அடுத்த கேள்வி கேட்பாள். சாதியா ஆபீஸ் விட்டு வந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் என்ன பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சிரித்தாளாம்.

மூன்றாவது பிரதி எனக்கு வந்தபோது சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை. அதில் அம்மு குடத்தோடு வருகிறாள். தாய் பாயிலிருந்து எழுந்து வெறும் பாயைத் தடவிப் பார்க்கிறாள். தகப்பன் வாசலில் வந்து நின்று கேட்கிறான். தாய் வாயைத் திறந்து ஒரு பேரைச் சொல்கிறாள். யாரையும் திட்டவில்லை, யாருக்காகவும் பரிந்து பேசவும் இல்லை. படித்து முடித்ததும் நான் அந்தத் தாய்க்காகவும் சேர்த்து அழுதேன். சில வாரம் முன்புதான் அவளைச் சபித்திருந்தேன். பதினோரு வருடத்தில் மலருக்கு வந்ததில் இப்படி ஒன்று வந்ததே இல்லை. முப்பத்தாறு வருடம் ஃபைல் ஃபைலாக நான் விசாரித்ததையெல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு நோட்டுக்கு ஈடாகாது. நாலாம் வகுப்பு படித்தவள், தோலை வெட்டி, பசை போட்டு, தைத்து, நடுநடுவே எழுதியது இது. இந்த வார்த்தையை நான் யாருக்கும் சொன்னதில்லை, அவளுக்கு போன் செய்து சொன்னேன்: நன்றாக எழுதியிருக்கிறீர்கள். "தப்பு ஒண்ணும் இல்லையா சார்?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

மலர் அச்சுக்குப் போனது. என்னிடம் ஒரு சட்டம் உண்டு. கடைசிப் படி பார்த்து நான் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற விட மாட்டேன். மன்றத் தலைவர் தன் பட்டத்தை விட்டுவிட்டீர்களே என்று கெஞ்சியபோதும் மாற்றவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகை முடிகிற நேரம். சுலைகா போன் செய்தாள்.

"சார், ஒரு திருத்தம்."

வந்ததே எனக்குக் கோபம். இத்தனை நாள் என்ன செய்தீர்கள், நாளைக்குக் காலையில் மெஷின் ஓடப் போகிறது என்று கத்தினேன். ருக்கு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சுலைகா பொறுமையாக நான் முடிக்கிறவரை காத்திருந்தாள். இன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கதை முழுவதையும் வாசித்துக் காட்டினேன் என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை அம்மா அசையாமல் கேட்டாள். முடிந்ததும், அந்தப் பையன் பேர் சரியில்லை என்று மட்டும் சொன்னாள்.

"ஒங்ககிட்ட அம்மாவே சொல்லணுமாம் சார்" என்று போனைக் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு நான் கேட்டே இராத ஒரு குரல்.

"சிந்தா மதாருன்னு போடுங்கண்ணே. அதான் எம் மவன் பேரு."

போன் நழுவிக் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு பெண்கள் அழுகிற சத்தம். நான் இணைப்பைத் துண்டிக்காமல் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ருக்கு வந்து, யாரிடம் இப்படிப் பேசாமல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

சாப்பிடாமல் அச்சகத்துக்குப் போனேன். அச்சகத்துப் பையன்கள் இன்னும் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து, வாசிம் வருகிற ஒவ்வோர் இடத்தையும் நானே மாற்றினேன். பதினேழு இடம். மாற்றி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியீட்டு விழாவுக்குச் சுலைகா மகளோடு வந்தாள். இப்போது அடுத்த கதை எழுதிக்கொண்டிருக்கிறாளாம், அது தோல் வாசனை பிடிக்காத மாப்பிள்ளையைப் பற்றி, சிரிப்புக் கதை. பட்டறை வாசலில் அந்தப் பலகையை இனிமேலாவது எடுக்கலாமே, என் முழங்கால் இன்னும் வலிக்கிறது என்றேன். "அது எதுக்கு சார் எடுக்கணும்? புள்ளைங்க இருக்குல்லா" என்றாள். அம்மா வரவில்லை, மாடிப்படி ஏற முடியாது. மலரில் ஒரு பிரதியை அம்மாவுக்கென்று தனியாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் போனில் சொன்னாள். அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இதில் அவன் பேர் எது என்று கேட்டாளாம். சுலைகா அம்மாவின் விரலைப் பிடித்து முதல் இடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டாள். ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, சிந்தா மதார், சிந்தா மதார் என்று அம்மாவும் மகளும் பதினேழு தடவை சொன்னார்கள்.